கேள்வி–பதில்: கிரவுன் எதை நிரூபிக்க வேண்டும்?

கனடாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன, அதிலும் பாதிக்கு மேல் குற்றவியல் சட்டம்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

விருந்து மண்டபத்தில் இன்னொருவருடைய கறுப்பு ஜாக்கெட்டைத் தன்னுடையது என்று நினைத்து ஒருவர் எடுத்துப் போகிறார். அவர் திருடரா? வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது.
— முதலாம் ஆண்டு மாணவர், ரொறன்ரோ

இல்லை. ஆனால் தம்பி, பரீட்சையில் வெறும் "இல்லை"க்குப் புள்ளி கிடைக்காது, ஏன் இல்லை என்பதற்குத்தான் கிடைக்கும். குற்றவியல் சட்டக்கோவையின் 322ஆம் பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பொருளை எடுத்திருக்க வேண்டும், அல்லது தன் பாவனைக்கு ஆக்கிக்கொண்டிருக்க வேண்டும். அது மோசடியாகவும், தனக்கு உரிமை இருக்கிறது என்ற நேர்மையான நம்பிக்கை இல்லாமலும் நடந்திருக்க வேண்டும். உரியவருக்கு அது கிடைக்காமல் செய்யும் எண்ணமும் வேண்டும், தற்காலிகமாக என்றாலும் போதும். இதில் ஒவ்வொன்றையும் கிரவுன், அதாவது வழக்கை நடத்தும் அரச தரப்பு, நிரூபித்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் வழக்கு விழுந்துவிடும்.

உங்கள் ஆள் ஜாக்கெட்டை எடுத்தார், போட்டுக்கொண்டு போனார். செயல் இருக்கிறது, குற்ற மனம் இல்லை. அவருடைய நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றுகூட இங்கே சட்டம் கேட்பதில்லை, நேர்மையானதாக இருந்தால் போதும். ஆனால் சிவப்பு ஜாக்கெட்டோடு வந்தவர் கறுப்பை எடுத்துக்கொண்டு போய் "குழம்பிவிட்டேன்" என்றால் எந்த நீதிபதி நம்புவார், அது வேறு விஷயம்.

சரி, கதையைக் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்போம், பேராசிரியர்களும் இதைத்தான் செய்வார்கள். காரில் ஏறி ஜாக்கெட் பையில் கையை விட்டால் யாருடையதோ சாவிக்கொத்து. சந்தேகம் வருகிறது. "பார்த்தால் திரும்பிப் போய்க் கொடுக்க வேண்டி வரும், பார்க்காமலே இருந்துவிடுவோம்" என்று நினைத்துக்கொண்டு சாவியை மறுபடி பைக்குள் போட்டுவிடுகிறார். இது வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது. சட்டத்தின் கணக்கில் இவர் தெரிந்தவர்தான், இதற்கு 1985இல் வந்த சான்ஸ்ரெக்ரெட் தீர்ப்பைப் படியுங்கள். அசட்டைத் துணிச்சலோடு இதைக் குழப்பாதீர்கள்: அதில் ஆபத்து தெரிந்தும் ஒருவர் இறங்குகிறார், இதில் சந்தேகம் வந்த பிறகும் கேட்க மறுக்கிறார்.

அப்புறம் இன்னொரு முறுக்கு. சனி இரவு ஒன்றுமே தெரியாது, ஞாயிறு காலை தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். எடுத்தபோது திருட்டு இல்லை, ஆனால் தன் பாவனைக்கு ஆக்கிக்கொள்வதும் 322இல் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வழியில் கிரவுன் வரும். "எடுத்தல்" என்ற சொல்லோடு நின்றுவிடுகிற மாணவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் சொன்னதை நீதிபதி நம்பவில்லை என்றால் அவர் குற்றவாளிதானே?
— இரண்டாம் ஆண்டு மாணவி, ஒட்டாவா

இரண்டாம் ஆண்டிலும் இந்தக் கேள்வி வருகிறதே என்று கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. இரண்டு கதையில் எது நம்பத்தக்கது என்று தேர்ந்தெடுக்கும் போட்டி இல்லை இது. 1991இல் உச்ச நீதிமன்றம் டபிள்யூ. டி. வழக்கில் படிகளைப் பிரித்துச் சொன்னது. அவரை நம்பினால் விடுதலை. நம்பாவிட்டாலும் அவர் சொன்னது நியாயமான சந்தேகத்தை விட்டுச் சென்றால் அப்போதும் விடுதலை. சந்தேகம் எதையும் விடவில்லை என்றாலும் வேலை முடியவில்லை: ஏற்றுக்கொண்ட மற்றச் சாட்சியங்கள் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றத்தை நிரூபிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பதற்கு 1997இன் லிஃப்கஸ், 2000இன் ஸ்டார் தீர்ப்புகள் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். "அநேகமாகச் செய்திருப்பார்" போதவே போதாது. சிவில் வழக்கின் அளவுகோலைவிட முழு நிச்சயத்துக்குத்தான் இது மிக நெருக்கம் என்று ஸ்டார் சொல்கிறது.

இது வெறும் நடைமுறை விதியும் இல்லை, உரிமைகள் சாசனத்தின் 11(டி) பிரிவு தரும் உரிமை. ஓக்ஸ் வழக்கு என்றதும் பிள்ளைகளுக்கு, ஓர் உரிமையை அரசு மட்டுப்படுத்துவது நியாயமா என்று பார்க்கும் 1ஆம் பிரிவுப் பரிசோதனைதான் ஞாபகம் வரும், ஆனால் 1986இல் தீர்ப்பு வந்த அந்த வழக்கு தொடங்கியது எட்டுச் சின்னக் குப்பி ஹஷீஷ் எண்ணெயில். வைத்திருந்தது நிரூபணமானால், விற்பதற்காக வைத்திருக்கவில்லை என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்று அப்போதைய போதைப்பொருள் சட்டம் சொன்னது. சுமையை அப்படித் தலைகீழாக்க முடியாது என்று நீதிமன்றம் அந்தப் பிரிவையே தள்ளிவிட்டது.

ஒரே ஒரு அடி. விழுந்தவர் இறந்துபோனார், அவருக்கு ஏற்கெனவே உடலில் ஏதோ குறை இருந்ததாம். அடித்தவர் கொலைகாரரா?
— மாணவர், மொன்றியல்

முதலில் கொலையையும் கொலையல்லாத மரணம் விளைவித்தலையும் பிரியுங்கள். கொலைக்கு, கொல்லும் எண்ணம் வேண்டும், அல்லது சாவு வரக்கூடும் என்று தெரிந்தே, வந்தால் வரட்டும் என்று உடலைக் காயப்படுத்தியிருக்க வேண்டும். சாவு வரும் என்று அவர் மனதளவில் முன்கூட்டியே அறிந்திருக்காவிட்டால் கொலைப் பட்டம் சூட்ட முடியாது, 1990இன் மார்ட்டினோ தீர்ப்புக்குப் பிறகு இதில் பேச்சே இல்லை. கோபத்தில் விட்ட ஒரு குத்துக்குப் பெரும்பாலும் இது பொருந்தாது.

கொலையல்லாத மரணம் விளைவித்தலுக்கு அவ்வளவு வேண்டாம். அடி சட்டவிரோதமானது, அற்பமல்லாத உடற்காயம் வரும் ஆபத்தை அவர் இடத்தில் இருக்கும் சாதாரண ஆள் உணர்ந்திருப்பார், அது போதும் என்றது 1993இன் கிரைட்டன். அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் இந்த விஷயத்தில் ஐந்துக்கு நான்காகப் பிரிந்தார்கள், மறுபக்கத்தையும் படியுங்கள். எனக்கு அந்த நால்வர் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஆனால் பரீட்சையில் சட்டத்தை எழுதுங்கள், என் மனச்சாய்வை அல்ல.

உடற்குறை விஷயத்துக்கு ஸ்மிதர்ஸ் வழக்கு. 1973இல் மிசிசாகாவில் இளையோர் ஹாக்கி ஆட்டம் முடிந்து அரங்குக்கு வெளியே சண்டை, வயிற்றில் ஓர் உதை. உதைபட்ட பையன் வாந்தி சுவாசக்குழாய்க்குள் போய் இறந்தான், அதைத் தடுத்திருக்க வேண்டிய குரல்வளை மூடி சரியாக வேலை செய்யாமல் போயிருக்கலாம் என்று மருத்துவச் சாட்சியம் சொன்னது. உதை அற்பமல்லாத ஒரு காரணமாக இருந்தால் போதும், அடிபட்டவரை அவர் இருக்கிறபடியே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை உறுதிசெய்தது. 2001இல் நெட் வழக்கில் பெரும்பான்மை அதையே "கணிசமான பங்களித்த காரணம்" என்று நேராக எழுதியது.

வேகமானி பழுது, வேகமாகப் போனதே எனக்குத் தெரியாது. குற்ற மனம் இல்லாமல் எப்படி அபராதம்?
— வாசகர், பிரம்டன்

ஏனென்றால் அது குற்றவியல் சட்டக்கோவைக் குற்றமே இல்லை, மாகாணப் போக்குவரத்து விதி. 1978இன் சூ செயின்ட் மரி வழக்கு, ஓர் ஓடையை நகரசபை மாசுபடுத்திய வழக்கு, குற்றங்களை மூன்றாக வகுத்தது. ஒன்றில் குற்ற மனத்தைக் கிரவுன் நிரூபிக்க வேண்டும். இன்னொன்றில் செயலை நிரூபித்தால் போதும், ஆனால் தேவையான கவனம் எடுத்தேன் என்று நீங்கள் காட்டித் தப்பலாம். கடைசியில் அந்த வாசலும் இல்லை. ஒன்ராறியோவில் வேகமீறலை நீதிமன்றங்கள் அந்தக் கடைசி வகையில்தான் வைத்திருக்கின்றன, ஆகவே உங்கள் வேகமானி உங்களைக் காப்பாற்றாது. ஒரே ஆறுதல்: அப்படிப்பட்ட குற்றத்துக்குச் சிறைத்தண்டனையும் சேர்ந்தால் அது சாசனத்தின் 7ஆம் பிரிவை மீறும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னைத் தம்பி அடித்துவிட்டான், கோபத்தில் பொலிசைக் கூப்பிட்டேன். இப்போது சமாதானமாகிவிட்டோம், வழக்கை வாபஸ் வாங்க முடியாது என்கிறார்களே?
— வாசகர், ஸ்கார்பரோ

மாணவர் கேள்வி இல்லை, ஆனாலும் மாணவர்களும் படிக்கட்டும். வழக்கு உங்களுடையது அல்ல, வாபஸ் வாங்க உங்களிடம் எதுவும் இல்லை. நீங்கள் சாட்சி. குற்றம் நிரூபணமாக நியாயமான வாய்ப்பு இருக்கிறதா, தொடர்வது பொதுநலனுக்கு ஏற்றதா என்று பார்த்து முடிவெடுப்பது கிரவுன். உங்கள் விருப்பத்தை அவர்களிடம் சொல்லலாம், கேட்பார்கள், ஆனால் கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் குற்றச்சாட்டைப் பொலிஸ் பதிகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக், நியூ பிரன்சுவிக்கில் பதிவதற்கு முன்பே அரச தரப்புச் சட்டத்தரணி பார்த்து அனுமதிக்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். உங்களோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையில் தம்பியை விடுவித்திருந்தால், அம்மா மூலம் அவர் சொல்லியனுப்புவதும் தொடர்புதான், நீங்கள் சம்மதித்தாலும் மீறல் மீறலே. அது 145ஆம் பிரிவில் தனிக் குற்றம், முதல் வழக்கு விழுந்தாலும் அது நிற்கும். நிபந்தனையை மாற்றச் சொல்லி அவருடைய சட்டத்தரணி கேட்கட்டும்.