"அண்ணனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்": வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதமாக என் கணவர் ஒரு ஜெபக்குழுவுக்குப் போகிறார். ஆரம்பத்தில் நானும் போனேன், வேதத்தைத்தான் திறக்கிறார்கள், கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் "அண்ணனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார், குழுத் தலைவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பழைய சபைக்கு "பாபிலோன்", அதாவது கெட்டுப்போன சபை, என்று பேர் வைத்துவிட்டார். போன மாதம், ஆவிக்குரிய வளர்ச்சிக்காக நாங்கள் தனித்தனியாகப் படுக்க வேண்டும் என்று அந்த அண்ணன் சொன்னதாக வந்து சொன்னார். இது கள்ள உபதேசக் கூட்டமா, இல்லை எனக்குத்தான் பொறாமையா?

பதில்: பொறாமை இல்லை, சகோதரி. நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு பலர் வெளியே சொல்லாமல் விடுவது இதைத்தான். ஜெபத்துக்காகத் தம்பதிகள் பிரிந்திருப்பதைப் பற்றி பவுல் 1 கொரிந்தியர் 7:5-ல் எழுதியிருக்கிறார். இருவரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டும், அப்புறம் மறுபடி சேர்ந்துவிட வேண்டும் என்கிறார். இதில் மூன்றாவது ஆளுக்கு எங்கே இடம்? உங்களிடம் சம்மதம் கேட்கவே இல்லை, முடிவை வந்து சொன்னார்கள், அவ்வளவுதான். விசுவாசத்தை விட்டு விலகிப் போகிறவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 4-ல் எழுதும்போதும், அவர்களுடைய போதனைக்கு பவுல் காட்டுகிற முதல் உதாரணம் கல்யாணம் செய்யக் கூடாது என்று தடுப்பதுதான்.

அமெரிக்காவில் டேவிட் கொரேஷ் என்று ஒருவர் இருந்தார். மணிக்கணக்கில் வேதபாடம் எடுப்பார், வெளிப்படுத்தின விசேஷம் அவருக்கு மனப்பாடம் மாதிரி. 1989-ல், தன் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும், கல்யாணமானவர்கள் உட்பட, தனக்கே உரியவர்கள் என்றும் மற்ற ஆண்கள் துறவிகள் போல இருக்க வேண்டும் என்றும் தனக்குப் புது வெளிச்சம் கிடைத்ததாகச் சொன்னார். அதையும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கொடுமை. 1993-ல் வேக்கோ என்ற ஊருக்குப் பக்கத்தில் அரசு அதிகாரிகளின் 51 நாள் முற்றுகைக்குப் பிறகு அவர்கள் தங்கியிருந்த இடம் எரிந்து, பிள்ளைகளும் சேர்த்து 70 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் கணவருடைய குழுவும் அப்படித்தான் முடியும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு தலைவர் ஏன் படுக்கையறை வரைக்கும் வருகிறார் என்று நீங்கள் யோசிக்க வேண்டும், அதற்காகத்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு "இன்றைக்கு அவர் பேசியது சரியா?" என்று இரண்டு பேர் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள முடிகிற வரை, அந்த இரண்டு பேர் மேல் யாருக்கும் முழுப் பிடி கிடைக்காது.

இனி என்ன செய்வது? அண்ணனைத் திட்டாதீர்கள். வீட்டார் எதிர்ப்பார்கள் என்று உங்கள் கணவருக்கு ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஒருவனுக்கு அவன் வீட்டாரே சத்துருக்கள் என்கிற மத்தேயு 10:36-ஐ அதற்குத்தான் தயாராக வைத்திருப்பார்கள். நீங்கள் கத்தினால் தீர்க்கதரிசனம் நிறைவேறியதாகிவிடும். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி உள்ளே கிடக்கும். அண்ணன் ஒரு விஷயத்தில் தவறினால் அதை அவரிடம் யார் சொல்வார்கள்? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? விலகிப் போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள்? அண்ணன் இல்லாமல், இயேசு மட்டும் இருந்தால் இரட்சிப்புக்குப் போதுமா? பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டுகிறது. பவுலையே சோதிக்கலாம் என்றால் அண்ணனைச் சோதிக்கக் கூடாதா?

அப்புறம் ஒரு உலகப்பிரகாரமான விஷயம். சேமிப்பு, பத்திரம், இரண்டு பேர் கையெழுத்து தேவைப்படுகிற கணக்கு எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், ஜெபித்துவிட்டே பாருங்கள். பழைய நண்பர்களை அவர் விட்டுவிட்டாலும் நீங்கள் விடாதீர்கள், அவர் திரும்பி வரும்போது நிற்க ஓர் இடம் வேண்டுமே. அடி, மிரட்டல், பிள்ளைகளைத் தொடுவது என்று எதுவாவது வந்தால் மட்டும் பொறுமை என்ற பேச்சே வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழைகளுக்கு இவ்வளவு உதவுகிறவர்களை எப்படித் தவறான கூட்டம் என்று சொல்ல முடியும்?

பதில்: உதவுவதை வைத்து மட்டும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் 1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் சபை தொடங்கியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து ஆராதிப்பதே அபூர்வம். அதைச் செய்து காட்டினார், பசித்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டார். மெய்யாகவே நல்ல காரியங்கள். அதே ஆள் பிறகு சபையாரை கயானா நாட்டுக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எழுதும் கடிதங்களையும் தணிக்கை செய்ய வைத்தார். 1978 நவம்பர் 18-ல் 900 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலோர் விஷத்தால். அதனால் உள்ளே எப்படி வரவேற்கிறார்கள் என்பதோடு, வெளியே போக நினைக்கிறவரை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பாருங்கள். கண்டிப்பான சபை என்றால் வருத்தப்பட்டு, ஜெபித்து அனுப்பிவிடும். தவறான கூட்டம் என்றால் சாபம் போடும், இல்லாவிட்டால் குடும்பத்தையே பேசவிடாமல் பிரிக்கும்.

கேள்வி: இயேசுவின் இரண்டாம் வருகையின் தேதி வெளிப்பட்டிருப்பதாக ஓர் ஊழியர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த நாள் பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்கிற மத்தேயு 24:36 போதும். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் ஆட்கள், இயேசு வருவார் என்று 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்துவிட்டு மறுநாள் அழுதார்கள். அதற்குப் பிறகும் தேதி சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை.

கேள்வி: என் மனைவி கீழ்ப்படிவதில்லை. எபேசியர் 5:22-ஐ எத்தனையோ முறை வாசித்துக் காட்டிவிட்டேன். எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரரே, அது அவருக்கு எழுதிய வசனம், நீங்கள் ஏன் அதையே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மனைவிமாருக்கு அங்கே மூன்று வசனம், புருஷர்களுக்கு 25-லிருந்து ஆரம்பித்து அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது போல என்று இருக்கிறது, அதிகாரம் பண்ணுங்கள் என்று இல்லை. இன்னொன்று: மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் 22-ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது, 21-லிருந்து இரவல் வாங்கித்தான் நிற்கிறது. அந்த 21 சொல்வது ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவது. அதை விட்டுவிட்டு 22-ஐ மட்டும் எடுத்தால் பாதி வாக்கியம்தான் கையில் இருக்கும்.

முதல் கேள்வி எழுதிய சகோதரிக்கு நான் கொடுத்த கேள்விகளை உங்கள் வீட்டுக்கும் வைத்துப் பாருங்கள். நீங்கள் தவறினால் சொல்ல அங்கே யாருக்காவது தைரியம் இருக்கிறதா? பணம் எங்கே போகிறது என்று மனைவிக்குத் தெரியுமா? அவர் தன் தாய் வீட்டாரோடு பேசினால் உங்கள் முகம் மாறுகிறதா? நீங்கள் மோசமானவர் என்று சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே என்பதால் கேட்கிறேன். இந்த வாரம் வேதத்தை மூடி வைத்துவிட்டு, எந்த விஷயத்தில் நீங்கள் சொல்வது அவருக்குச் சரியாகப் படவில்லை என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். கஷ்டம்தான்.

கேள்வி: தினமும் குடும்ப ஜெபம் செய்கிறோம். ஆனால் ஆமென் சொன்ன பிறகு எங்களுக்குள் பேச ஒன்றும் இருப்பதில்லை.

பதில்: ஜெபத்திலேயே பேசி முடித்துவிடுகிறீர்களோ? "ஆண்டவரே, இவருடைய கோபத்தை மாற்றும்" என்று கணவர் காதில் விழ மனைவி ஜெபிப்பது, பதிலுக்கு அவர் "இவளுக்குப் பொறுமையைத் தாரும்" என்பது, இதெல்லாம் பல வீட்டில் நடக்கிறது. ஆண்டவர் நடுவில் உட்கார்ந்து தபால்காரர் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள், பாவமில்லை. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். முதல் சில நாள் "ம்" என்றுதான் பதில் வரும். மறுநாளும் கேளுங்கள்.