நூலகரிடம் கேட்கக் கூச்சம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

முதுகலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பல்கலைக்கழக நூலகத்துக்கு அடிக்கடி போகிறேன். ஆனால் வாசிப்பறையில் அமர்ந்து என் வகுப்புக் குறிப்புகளைப் படித்துவிட்டு வந்துவிடுவேன். ஒருமுறை தேடிய நூல் அடுக்கில் அகப்படவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி இதைப் போய்க் கேட்பதா என்று கூசித் திரும்பிவிட்டேன். என் தோழி இயல்பாகப் போய் நூல்களை எடுத்துவருகிறாள். எனக்குத்தான் ஆர்வம் இல்லையோ?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆர்வம் இல்லாதவர் இப்படியொரு கடிதம் எழுதமாட்டார். உங்களைத் தடுப்பது கூச்சம். அதற்கு ஆர்வமின்மை என்று பெயர் சூட்டி உங்களையே குற்றவாளி ஆக்கிக்கொண்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கான்ஸ்டன்ஸ் மெலன் என்ற ஆய்வாளர் இரண்டு ஆண்டுகளில் சுமார் 6,000 மாணவர்கள் எழுதிய குறிப்புகளைத் திரட்டினார். 1986இல் வெளியான அந்த ஆய்வில், நூலகத்தில் ஆய்வுக்காகத் தேடத் தொடங்கியபோது எழுந்த உணர்வை அச்சம் என்ற பொருளில் விவரித்தவர்கள் 75 முதல் 85 விழுக்காடு. மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை, அது வெட்கக்கேடு, கேட்டால் வெளிப்பட்டுவிடும். இதுதான் அவர்களின் மனக்கணக்கு. உங்கள் கடிதத்தில் இருப்பதும் அதே கணக்குதான். பெரும்பாலோர் இப்படி அஞ்சும்போது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் நம்புவது எவ்வளவு வீணான துயரம்!

தோழியோடு ஒப்பிட வேண்டாம். பள்ளியிலேயே நூலகத்தில் பழகியவருக்கு அடுக்குகள் அந்நியமாகத் தெரியாது. வேலை செய்துகொண்டே படிப்பவர் நூலகம் மூடும் நேரத்தில்தான் வந்து சேர்வார். பாடநூலின் மொழியில் தடுமாறுபவர் ஒரே நூலோடு நின்றுவிடுவார். ஒருவர் எத்தனை நூல் எடுக்கிறார் என்பதை மட்டும் பார்த்து அவருடைய அறிவுத் தாகத்தை அளப்பவர்கள்மீது எனக்குக் கோபமே வரும். ஆசிரியர்களும் இதைச் செய்கிறார்கள்.

இனி, அகப்படாத அந்த நூல். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையை உங்கள் நூலகம் பின்பற்றினால் பொருளாதாரம் 330 என்ற எண்ணில் தொடங்கும். அங்கே 330.15 என்பது 330.9க்கு முன்னால் வரும். புள்ளிக்குப் பின் இருப்பவை பதினைந்தும் ஒன்பதும் அல்ல, தசம இலக்கங்கள். பதினைந்து பெரிது என்று நினைத்து, 330.9ஐத் தாண்டித் தேடினால் நூல் இல்லை என்றே தோன்றும். யாராவது சொல்லித்தந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும் விஷயம் இது. தானாகவே தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

எண் வரிசை சரியாக இருந்தும் நூல் இல்லையென்றால் யாரேனும் இரவல் எடுத்திருக்கலாம், திரும்பி வந்து அடுக்கப்படாமல் இருக்கலாம், இடம் மாறி வைக்கப்பட்டிருக்கலாம். அடுக்கின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் இவற்றில் எது என்று உங்களுக்குத் தெரியவராது. இரவலில் போயிருக்கிறதா என்பதற்கான பதிவு நூலகப் பணியாளரிடம் இருக்கிறது. மற்றவற்றை அவரால் தேடிப் பார்க்க முடியும்.

ஆகவே கேளுங்கள். நூலின் பெயரோடு நிறுத்தாமல், எந்தக் கட்டுரைக்காக, எதைத் தெரிந்துகொள்ளத் தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் நம் தேவையைச் சுருக்கி, பாதிக் கேள்வியாகத்தான் கேட்கிறோம். முழுவதும் சொன்னால் அந்த நூல் இரவலில் போயிருந்தாலும் அதே பொருளில் வேறொன்றை எடுத்துத்தர முடியும். பல நூலகங்களில் உங்கள் பெயரில் முன்பதிவும் செய்துவைப்பார்கள்.

அன்புடன்.