திருச்சியிலிருந்தே அம்மாவை துபாய்க்கு அனுப்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, பாபநாசத்தில் இருக்கிறார். மூட்டு வலியால் அதிகம் நடக்க முடியாது. துபாயில் தம்பி வீட்டுக்கு விசிட் விசாவில் முதல் முறையாக, அதுவும் தனியாகப் போகிறார். "திருச்சி சின்ன ஏர்போர்ட், வசதி பத்தாது, சென்னையிலிருந்து போகட்டும். வீல்சேருக்குத் தனியாக 3,500 ரூபாய் ஆகும்" என்கிறார் டிராவல்ஸ்காரர். என்ன செய்யலாம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: திருச்சியிலிருந்தே அனுப்புங்கள். வீல்சேருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வீல்சேர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். நடக்க முடியாத பயணிக்கு விமான நிறுவனமே இலவசமாக வீல்சேரும் தள்ளிக்கொண்டு போக ஆளும் தரவேண்டும் என்பது விதி. நீங்கள் செய்யவேண்டியது, பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது கஸ்டமர் கேருக்குப் போன் செய்து டிக்கெட்டில் பதியச் சொல்வது மட்டும். படி ஏற முடியுமா, இருக்கை வரை கொண்டுபோக வேண்டுமா என்று கேட்பார்கள், உள்ளபடி சொல்லுங்கள். இந்த ஐந்து நிமிட போன் காலுக்குத்தான் உங்களிடம் 3,500 கேட்கிறார்கள். நான் விமான நிறுவனக் கவுன்ட்டரில் வேலை பார்த்த காலத்தில், பணத்தை வாங்கிக்கொண்டு அந்த போனைக்கூடச் செய்யாமல் அனுப்பிவிட்ட ஏஜென்ட்டுகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "கட்டியாச்சு தம்பி, ரசீதெல்லாம் தரலை" என்று அந்த அம்மாக்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

திருச்சி சின்ன ஏர்போர்ட் என்பது பழைய கதை. சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து 2012இல்தான் வந்தது என்றாலும், அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இலங்கையின் ஏர் சிலோன் விமானங்கள் வந்துபோன இடம் அது. இப்போது இருப்பது சுமார் 1,100 கோடி ரூபாயில் கட்டிய புது முனையம். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார், ஜூன் 11 முதல் பயணிகள் பயன்படுத்துகிறார்கள். கோலமும் திருவரங்கத்து வண்ணங்களுமாக இருக்கும், அம்மாவுக்கு மிரட்சியாக இராது. அங்கே தமிழிலேயே பேசலாம் என்பது சாதாரண விஷயமில்லை.

பிறகு ஏன் வளைகுடாவுக்கு விமானம் குறைவு என்று கேட்பீர்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எந்த ஊருக்கு வரலாம் என்பதை இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தம் முடிவு செய்கிறது. துபாய் இருக்கும் அமீரகத்தோடு உள்ள ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லை. அதனால் எமிரேட்ஸ் இங்கே வராது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள்தான். சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட் வருகிறது, கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் வருகிறது. டெல்டாவில் தெருவுக்குத் தெரு வளைகுடாவில் பிள்ளைகள் இருந்தும் அந்த ஒரு பெயரைச் சேர்க்க டெல்லிக்கு மனம் வரவில்லை. ஓடுதளம் இன்னும் 2,480 மீட்டர்தான். அதை நீட்ட நிலம் எடுக்கும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இந்த மெத்தனத்தைத்தான் சில டிராவல்ஸ்காரர்கள் "வசதி பத்தாது" என்று விற்கிறார்கள். சென்னை என்றால் கார், லாட்ஜ் என்று அவர்களுக்கு வழி பிறக்கும். மூட்டு வலிக்காரர் 300 கிலோமீட்டர் உட்கார்ந்து போவது யார் கவலை? நேரடி விமானம் இருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

இப்போது பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதில் 'சர்நேம்', 'கிவன் நேம்' என்று இரண்டு வரி இருக்கும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு 'செல்லம்மாள்' என்று ஒரு வரியில் மட்டும் பெயர் இருக்கும், மற்றது காலி. இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பிறகு ஒரு விலக்கு தந்தார்கள்: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும். நம் பாஸ்போர்ட்டில் முகவரி இருக்கும் அதே பக்கம்தான். அம்மாவுடையதில் அவருடைய அப்பா பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆனாலும் கவுன்ட்டரில் இருக்கும் பையனுக்கு இந்த விலக்கு தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து விமான நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி, அதை அச்செடுத்து அம்மாவிடம் கொடுங்கள். கடைசிப் பக்கத்திலும் பெயர் இல்லையென்றால், பெயரைச் சரிசெய்து பாஸ்போர்ட்டை மறு வெளியீடு வாங்கிய பிறகே விசாவுக்குப் போங்கள். "டிக்கெட்டில் மட்டும் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' (வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி தேவை என்ற முத்திரை) என்று இருக்கிறதே, அதற்குத் தனி அனுமதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது வேலைக்குப் போகிறவர்களுக்கு. 50 வயது தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. திரும்பி வரும் டிக்கெட் மட்டும் கையில் இருக்கட்டும்.

மூட்டை கட்டும்போது குழம்புப் பொடி, கறி மசாலாவைக் கவனியுங்கள். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். கொஞ்சமாக இருந்தாலும் வம்புதான். அரைத்த பொடியில் சேர்த்திருந்தால் அதையும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று கொப்பரையையும் லக்கேஜில் தடுப்பார்கள். மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும், வலி மாத்திரைகளுக்குக் கட்டாயம். அப்புறம், "எங்க பையனுக்கு இந்தச் சின்ன பார்சலை மட்டும் கொடுத்துடுங்கம்மா" என்று கடைசி நேரத்தில் யார் நீட்டினாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும் வாங்க வேண்டாம். அதில் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மாதான்.

விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு புதுக்கோட்டை சாலையில் உள்ள முனையத்தில் இருங்கள். ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பாபநாசத்திலிருந்து காரில் வர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் பெயர், போன் எண், துபாய் முகவரி மூன்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் சுருக்குப் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அந்தச் சீட்டு இருக்கும்.