மார்க்கர் டெஸ்ட்டுக்கு முன்னாடி ஸ்லைடை இன்னொருத்தர் பாக்கட்டும்

கேள்வி: டாக்டர் வணக்கம். அப்பாவுக்கு 66 வயசு, ஏற்காட்டுல காபி எஸ்டேட் சூப்பர்வைசரா இருந்தவர். ராத்திரி அடிக்கடி யூரின் போக எந்திரிக்கிறார்னு சேலத்துல காட்டினோம், பி.எஸ்.ஏங்கிற புராஸ்டேட் ரத்த டெஸ்ட் 8 இருந்துச்சு, பயாப்சில புராஸ்டேட் கேன்சர், கிளீசன் 3+4=7னு வந்திருக்கு. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன்கிறார், இன்னொருத்தர் திசுல மார்க்கர், அதாவது கேன்சரோட வேகத்தைக் காட்டற அடையாளம், பாத்துட்டு முடிவு பண்ணலாம்கிறார். என்ன செய்யறது?
- வாசகி, ஏற்காடு

பதில்: பதறாதீங்கம்மா. ராத்திரி யூரின் போறது பெரும்பாலும் வயசான புராஸ்டேட் வீக்கத்தால வர்றது, அதை வச்சு கேன்சர் முத்திப்போச்சுன்னு நினைக்காதீங்க.

கிளீசன்கிறது மைக்ராஸ்கோப்ல கேன்சர் செல் எவ்வளவு மோசமா தெரியுதுன்னு போடற நம்பர், 3ஐ விட 4 மோசம். ரிப்போர்ட்ல முதல்ல எழுதற நம்பர்தான் அதிகமா இருக்கற வகை. அதனால 3+4ம் 4+3ம் கூட்டினா 7தான்னாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல, கேன்சரோட தீவிரத்தைச் சொல்ற கிரேடு குரூப்ல முன்னது 2, பின்னது 3, பின்னதுதான் வேகமா போற ஆளு. அந்த 4 எத்தனை சதவீதம், அதுல கிரிப்ரிஃபார்ம் இருக்கா, அதாவது செல் கூட்டம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியுதான்னு கேளுங்க. இருந்தா சும்மா கண்காணிச்சுட்டு இருக்கறது சரிவராது, சிகிச்சை பக்கம் போகணும், அப்போ மார்க்கர் டெஸ்ட்டுக்கு செலவழிக்கத் தேவையே பெரும்பாலும் வராது. ஒரே ஸ்லைடுக்கு, திசுவை மைக்ராஸ்கோப்ல பாக்கற டாக்டரான பேத்தாலஜிஸ்ட் ரெண்டு பேர் வேற வேற கிரேடு போடறதும் சகஜம், அதனால ஸ்லைடையும், திசுவை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற பாரஃபின் ப்ளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கி, சேலம் ஜிஹெச்சிலயோ சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்லயோ இன்னொரு தடவை பாக்க சொல்லுங்க, காசு செலவழிக்கறதுன்னா முதல்ல இதுக்குத்தான்னு நான் சொல்வேன்.

4 கொஞ்சமா இருந்து, ஆபரேஷனா கண்காணிப்பான்னு டாக்டருக்கே சந்தேகம்னா அப்பதான் மார்க்கர் உதவும். அதே ப்ளாக்குல இருந்து மெல்லிசா சீவி சாயம் ஏத்துவாங்க. கி-67 சாயத்துல பெருகிட்டு இருக்கற செல்லோட நியூக்ளியஸ் பழுப்பா தெரியும், எத்தனை சதவீதம்னு எண்ணுவாங்க, ஜாஸ்தின்னா வேகம் ஜாஸ்தி. பி-டென் (PTEN) தலைகீழ், அது செல் பெருகறதைக் கட்டிப்போடற புரோட்டீன், அதனால பழுப்பு இல்லாம வெளிறி இருந்தாதான் கவலை. டெசிஃபர்னு 22 மரபணு பாக்கற டெஸ்ட்டும் இருக்கு, விலை அதிகம். எதுவும் ஜோசியம் இல்லம்மா, அபாயம் கூடவா குறைவான்னு மட்டும் சொல்லும், அதோட பி.எஸ்.ஏ, எம்.ஆர்.ஐ, அப்பாவோட சுகர், இதயம் எல்லாத்தையும் சேத்துதான் முடிவு பண்ணணும்.

குடும்பத்துல யாருக்காவது மார்பக, சினைப்பை கேன்சர் இருந்தா அதையும் சொல்லுங்க, பரம்பரையா வர்ற பிஆர்சிஏ 2 (BRCA2) மரபணு மாற்றத்தை ரத்தத்துல தனியா பாக்க வேண்டி வரும்.