ஊசி போட்டதும் அப்பாவின் கண் பிரஷர் இறங்கிவிட்டது, இனியும் ஏற்காட்டிலிருந்து சேலம் போய்க் காட்ட வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். அப்பாவுக்கு வந்திருக்கும் நியோவாஸ்குலர் கிளாகோமா (புது ரத்த நாளங்களால் கண் பிரஷர் ஏறுவது) ஒரு ஊசியோடு முடிகிற நோய் இல்லை. சர்க்கரையால் விழித்திரைக்கு ரத்த ஓட்டம் குறையும்போது கண்ணில் புது நாளங்கள் முளைத்து, உள்ளே ஊறும் நீர் வடிகிற வழியை அடைத்துவிடுகின்றன. ஊசி அவற்றைச் சில வாரங்களுக்குத்தான் சுருங்க வைக்கும். நீண்ட நாளைக்குக் கைகொடுப்பது விழித்திரை லேசர், அதைப் பாதியில் விடாதீர்கள். சொட்டு மருந்துக்கும் பிரஷர் அடங்காவிட்டால் நீர் வடிய வால்வு வைப்பார்கள்.

போன பார்வை திரும்பாது, இதை அப்பாவிடம் ஒளிக்க வேண்டாம். மிச்சப் பார்வையைக் காக்கவும் வலியில்லாமல் வைக்கவும்தான் இத்தனையும். சர்க்கரை, பிபி கட்டுக்குள் இருக்கட்டும், அப்புறம் அந்த இன்னொரு கண்ணையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

மலைக்காரர்களுக்கு ஒன்று: எப்போதாவது விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) செய்து கண்ணுக்குள் வாயு வைத்தால், அது கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை மலை ஏறவே கூடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏற ஏற வாயு விரிந்து பிரஷர் எகிறிவிடும், அதுவரை சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள். வாயு வைக்காவிட்டால் இந்தக் கவலை இல்லை.

கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.