கஞ்சா பற்றிய ஆய்வுகளைத் தேடுவது எப்படி? நூலகரிடம் கேள்விகள்

கேள்வி: 'மரிஹுவானா' என்று தேடினால் கொஞ்சம்தான் வருகிறது, சார். யாரும் எழுதவில்லையா?

பதில்: எழுதிக் குவித்திருக்கிறார்கள். மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் கஞ்சாவின் தாவரவியல் பெயரான 'கன்னாபிஸ்'தான். அமெரிக்காவின் 1937 வரிச் சட்டத்தில் 'மரிஹுவானா' உண்டு, ஆனால் ஆங்கில எழுத்தில் ஜே (j) வரும் இடத்தில் ஹெச் (h). எல்லாப் பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் போட்டு நடுவில் ஆர் (OR, 'அல்லது') சேருங்கள். அப்புறம் அண்ட் (AND, 'மற்றும்') போட்டு உங்கள் தலைப்பு: வலியோ வலிப்போ.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் 'கன்னாபிஸ்' ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்தோடு நட்சத்திரக் குறி போட்டால் (cannab*) கன்னாபிடியால், கன்னாபினாய்டு போன்ற வேதிப்பொருள் பெயர்கள் எல்லாம் வரும். கூடவே புளிச்சை நாரும் வரும், அதன் தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். அதை விலக்க நாட் (NOT, 'தவிர்த்து') போடாதீர்கள். இரண்டையும் ஒப்பிடும் நல்ல கட்டுரையும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: 'வீட்' (weed, களை) என்று தேடலாமா? கஞ்சாவை அப்படியும் சொல்கிறார்களே.

பதில்: களைக்கொல்லி பற்றிப் படிக்க ஆசையென்றால் தேடலாம்.

கேள்வி: பிரிட்டிஷ் இந்தியா பற்றி என்ன போடுவது?

பதில்: 'இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ்'. கஞ்சா பற்றி விசாரிக்க அரசு அமைத்த 1893-94 கமிஷனின் பெயர் அது; அறிக்கை ஏழு தொகுதி. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. கஞ்சா (பூ), பாங் (இலை), சரஸ் (பிசின்) மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். 1839 கல்கத்தா மருத்துவக் கட்டுரை 'குஞ்சா' என்கிறது.

கேள்வி: அந்தக் கமிஷனே தீங்கில்லை என்று சொல்லிவிட்டதே!

பதில்: மிதமாக எடுத்தால் பெரிய கேடில்லை, மிஞ்சினால் கேடு என்றது. இரண்டாம் பாதியையும் படியுங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரனுக்கு வரி வருமானம் வேண்டியிருந்தது. அதை நம்பலாமா?

பதில்: வருமானக் கணக்கு இருந்தது, மறுக்கவில்லை. தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றுதான் பரிந்துரைத்தார்கள். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டார்கள். மனநலக் காப்பகப் பதிவேடுகளைப் புரட்டி, 'காரணம் கஞ்சா' என்று எழுதியிருந்த பலவற்றுக்கு ஆதாரமே இல்லை என்று காட்டினார்கள். அந்த வேலையை வரிக்காக மட்டும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. சந்தேகமிருந்தால் சாட்சியத் தொகுதிகளைப் படித்துவிட்டு வாருங்கள், சண்டை போடுவோம்.

கேள்வி: கன்னாபிஸா, மரிஹுவானா, எதைப் போட?

பதில்: முதல் பதில்.

கேள்வி: வேண்டாதது நிறைய வருகிறது. நாட் போடலாமா?

பதில்: மறுபடியுமா? வேண்டாம் தம்பி. கட்டுரையின் தலைப்பில் மட்டும் தேடு.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் நட்சத்திரக் குறி வேலை செய்யவில்லை.

பதில்: செய்யாது. முழுச் சொல்லாக அடியுங்கள்.

கேள்வி: 1985 போதைப்பொருள் சட்டத்தில் இலையும் சேருமா?

பதில்: வக்கீலைக் கேளுங்கள்.