ஒரு கிராமில் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: காரைக்குடியில் பலகாரக் கடை நடத்துகிறேன். தங்கம் ஏறுவதைப் பார்த்து ஃபியூச்சர்ஸ் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை. கடைக்கு வரும் பையன் ஒருவன் அதில் தினமும் இரண்டாயிரம் எடுப்பதாகச் சொல்கிறான். கையில் 2 லட்சம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முன்பேரம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே ஓர் ஆச்சி வருகிறார். மணகோலம் இத்தனை கிலோ, சீப்புச் சீடை இத்தனை கிலோ, கிலோ இன்ன விலை என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். நடுவில் எண்ணெய் என்ன விலை விற்றாலும் பேசிய விலைதான். விலை இப்போது, சரக்கு பின்னால். ஃபியூச்சர்ஸின் அடிப்படை இவ்வளவே.

ஆனால் அங்கே எதிரில் ஆச்சி இருக்க மாட்டார், எக்ஸ்சேஞ்ச் இருக்கும். எத்தனை கிராம், எந்த மாதம் முடியும் என்பதையெல்லாம் அவர்களே வகுத்து வைத்திருப்பார்கள். நீங்கள் பேசுவது விலையை மட்டும். வேண்டாமென்றால் இடையிலேயே விற்றுவிட்டு வெளியே வரலாம். சரக்கே இல்லாமல் முதலில் விற்று, பிறகு வாங்கிக் கழிக்கவும் செய்யலாம். அப்புறம் ஒன்று, புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஆச்சியுடன் கணக்கைக் கல்யாணம் முடிந்ததும் தீர்ப்பீர்கள். ஃபியூச்சர்ஸில் தினமும் தீர்ப்பார்கள்.

அதைப் பணத்தோடு பார்ப்போம். தங்கம் போன்ற சரக்குகளுக்கான எக்ஸ்சேஞ்சான எம்சிஎக்ஸில் கோல்ட் கினியா என்று ஒரு கான்ட்ராக்ட் உண்டு. 8 கிராம், நம் கணக்கில் ஒரு பவுன். கணக்குச் சுலபமாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பவுன் 80,000. மார்ஜின், அதாவது பிணையாகக் கட்டும் பணம், 10 சதவீதம் என்றால் 8,000 கட்டி வாங்கிவிடலாம். (இந்தச் சதவீதம் மாறிக்கொண்டே இருக்கும், விலை தாவுகிற நாட்களில் கூட்டுவார்கள்.)

முதல் நாள் கிராமுக்கு 150 இறங்குகிறது. அன்றைக்கே உங்கள் கணக்கிலிருந்து 1,200 கழிந்துவிடும். மறுநாள் இன்னும் 250 இறங்கினால் 2,000 போகும். மிச்சம் 4,800. மார்ஜின் போதவில்லை, மேற்கொண்டு கட்டுங்கள் என்று புரோக்கர் கேட்பார். கட்டாவிட்டால் அவரே உங்கள் பொசிஷனை, அதாவது நீங்கள் வாங்கி வைத்திருப்பதை, விற்று முடித்துவிடலாம். மூன்றாம் நாள் 300 ஏறுகிறது. பணம் கட்டியவருக்கு 2,400 திரும்ப வரும். கட்டாதவருக்கு அதன்பின் கிராம் 11,000 போனாலும் ஒன்றுமில்லை. தங்கம் ஏறும் என்று சரியாகவே கணித்தார், பணம் மட்டும் போய்விட்டது.

பணம் கட்டியவர் கணக்கையும் பாருங்கள். மூன்று நாளில் தங்கம் இறங்கியது மொத்தம் 100 ரூபாய், அதாவது 1 சதவீதம். அவர் நஷ்டம் 800 ரூபாய், போட்ட 8,000-இல் 10 சதவீதம். 8,000-க்குத்தானே வாங்கினோம் என்று நினைக்கக் கூடாது; நீங்கள் தலையில் ஏற்றிக்கொண்டது 80,000 ரூபாய்ச் சரக்கு.

பையன் பெரும்பாலும் பங்குச் சந்தை இண்டெக்ஸான நிஃப்டி பற்றிப் பேசுவான். 2024 நவம்பர் முதல் இண்டெக்ஸ் கான்ட்ராக்ட் அறிமுகமாகும்போது அதன் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்பது சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் 2 சதவீத இறக்கம் என்றால் 30,000. உங்கள் 2 லட்சத்தோடு அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரை பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. பையன் மீதி 7 பேரில் ஒருவனாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. லாபம் வந்த நாள் மட்டும் கடைப்பக்கம் வருகிறவனாகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியார் கடைகளில், புதிதாக வந்த பையனைப் பெட்டியடியில், அதாவது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். எழுத்தும் கணக்கும் பழகி, ஏஜெண்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாளாகி, பல வருஷம் கழித்துத்தான் ஏஜெண்ட். நீங்களும் இரண்டு மாதம் பெட்டியடியில் இருங்கள். ஒரு நோட்டில் தேதி, வாங்கிய விலை, அன்றைய முடிவு விலை, வரவு அல்லது பற்று, கையிருப்பு என்று கட்டம் போட்டு, ஒரு கினியா வாங்கியதாக வைத்துத் தினமும் எழுதுங்கள். புரோக்கரேஜையும் வரியையும் விடாமல் கழியுங்கள். படிக்க, செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம்மின் கமாடிட்டி டெரிவேட்டிவ்ஸ் பாடநூல் போதும். ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு 'ரகசியம்' சொல்லித் தருகிற வகுப்புக்குப் போகாதீர்கள். டெலிகிராம் டிப்ஸும் வேண்டாம்.

நோட்டு பழகியபின் கோல்ட் பெட்டலுக்கு வாருங்கள். அது 1 கிராம்தான். 2 லட்சத்தில் 20,000 மட்டும் இதற்கு. மீதி வங்கியிலேயே இருக்கட்டும். செபியில் பதிவான புரோக்கரிடம் கமாடிட்டி பிரிவைத் திறக்க வேண்டும், வருமானச் சான்று கேட்பார்கள். வாங்கும்போதே ஸ்டாப் லாஸ், அதாவது இன்ன விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர், போட்டுவிடுங்கள். ஆனால் மறுநாள் காலை விலை அதையும் தாண்டித் திறந்தால் அது முழுதாகக் காப்பாற்றாது. கான்ட்ராக்டைக் கடைசி வரை வைத்திருந்தால் விஷயம் டெலிவரிக்குப் போகும், முழுப்பணமும் வேண்டியிருக்கும். டெலிவரிக் காலம் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிடுங்கள்.

இதில் வரும் லாபமும் நஷ்டமும் வியாபாரக் கணக்கில் சேரும். கடைக்கு இப்போது சுருக்கமான ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்றால் அது மாற வேண்டியிருக்கலாம். முதல் டிரேடுக்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். எம்சிஎக்ஸ் இரவு பதினொன்றரை, சில மாதங்களில் 11:55 வரை நடக்கும். அமெரிக்கச் சந்தை திறந்தபின், சாயங்காலத்துக்கு மேல்தான் தங்கம் அதிகம் ஆடும். உங்கள் அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரமும் அதுவே. கல்யாண ஆர்டர் கையில் இருக்கும் வாரத்தில் பொசிஷன் எடுக்காதீர்கள்.